கோப்புகள் நடந்த வழி

நுழையும்முன்

ஒரு விண்ணப்பம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குச் செல்லவேண்டும் என்பதை விதிநூல் கூறும். உண்மையில் எவ்வழியே சென்றது என்பதைப் பதிவேடு கூறும். இவ்விரண்டும் முழுமையாக ஒத்திருப்பது அரிது.

பதிவேட்டிலிருந்து வரைபடம்

எந்தக் கோப்பு, என்ன செயல், எந்த நேரம் என்னும் மூன்று செய்திகள் கணினியில் பதிவாகியிருந்தால் போதும். வேலை நடந்த வழியை வரைபடமாக மீட்டெடுக்கலாம். இதனைச் செயல்முறை அகழ்வு என்பர். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரப் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் வில் வான் டெர் ஆல்ஸ்ட். வரைபடத்துக்குப் பெரிதும் பயன்படும் பெட்ரி வலை, ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டோடு தொடர்புடையது.

ஒரே பதிவேட்டிலிருந்து இரு நிரல்கள் இருவேறு வரைபடங்களைத் தரக்கூடும். அவற்றுள் எதனை நம்புவது? இத்தாலியக் காவல்துறையின் போக்குவரத்து அபராதப் பதிவேட்டைக் கொண்டு இதனை ஆராய்வோம். ஆய்வாளர்களுக்காக வெளியிடப்பட்ட அப்பதிவேட்டில் 1,50,370 வழக்குகள் உள்ளன. அபராதம் விதித்தல், அனுப்புதல், அறிவிப்புச் சேர்ந்ததைப் பதிதல், கூடுதல் தண்டம் சேர்த்தல், வசூலுக்கு ஒப்படைத்தல் என்னும் வரிசையிலேயே 56,482 வழக்குகள் சென்று முடிந்தன. அபராதம் விதிக்கப்பட்டபின் வேறு செயல் எதுவுமின்றிப் பணம் செலுத்தி முடித்தவை 46,371.

எந்தச் செயலுக்குப் பின்னும் எந்தச் செயலும் வரலாம் என்று ஒரு மாதிரியை வரைந்தால், எல்லா வழக்குகளும் அதற்குள் அடங்கிவிடும். மலர் மாதிரி எனப்படும் இதில் குறையே காணமுடியாது, பயனும் காணமுடியாது. அபராதம் விதிக்கும் முன்னரே ஒருவர் பணம் கட்டுவதையும் அது ஏற்கும். நடந்ததை ஏற்பதோடு நடவாததை விலக்கவும் தெரிந்ததே நல்ல மாதிரி.

ஒப்பிடும் முறை

கட்டங்களையும் அம்புகளையும் எண்ணி ஒப்பிடுவது ஏமாற்றும். ஒரு கிளையில் 'அல்லது' இருக்கவேண்டிய இடத்தில் 'மற்றும்' அமைந்துவிட்டால் படத்தில் வேறுபாடு மிகச் சிறிது. ஆனால், அப்படத்தின்படி பணம் செலுத்தியவரும் வசூலுக்கு ஒப்படைக்கப்படுவார்!

இதனை உணர்ந்த வான் டெர் ஆல்ஸ்டும் உடனாய்வாளர்களும் 2006இல் வேறொரு முறையை முன்வைத்தனர். பதிவேட்டின் வழக்குகளை இரு மாதிரிகளிலும் நடத்திப் பார்த்து, ஒவ்வோர் அடியிலும் அவை அடுத்து எவ்வெச் செயல்களை அனுமதிக்கின்றன என்று நோக்குவதே அம்முறை. ஓர் அடியில் முதல் மாதிரி பணம் செலுத்துதல், அறிவிப்பு ஆகிய இரண்டையும், இரண்டாம் மாதிரி அவற்றோடு முறையீட்டையும் அனுமதிப்பதாகக் கொள்வோம். பொதுவானவை இரண்டு. முதலாவதன் நோக்கில் அவை இரண்டில் இரண்டு. மற்றதன் நோக்கிலோ மூன்றில் இரண்டு. ஆகவே, ஒப்புமை எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் ஒன்றேயாக இராது. மேலும், பல வழக்குகள் கடந்த அடிக்கு மிகுந்த எடையும், சில மட்டுமே கடந்த அடிக்குக் குறைந்த எடையும் கிடைக்கும். ஆளே செல்லாத சந்தில் உள்ள பிழை நெடுஞ்சாலைப் பிழைக்கு நிகராகாது என்பது இதன் நியாயம்.

நியாயம் சரியே, ஆயினும் ஓரிடத்தில் தயங்கவேண்டியுள்ளது. இப்பதிவேட்டில் நீதிபதியிடம் முறையிட்டதாக உள்ள பதிவுகள் 555 மட்டுமே. அவ்வழியே இல்லாத மாதிரியும் இவ்வளவையில் ஏறக்குறைய முழு மதிப்பைப் பெற்றுவிடும். படம் தெளிவாக இருக்கவேண்டும் என்று அரிய வழிகளை நிரல் வடிகட்டும்போது முதலில் மறைவனவற்றுள் அதுவும் ஒன்று. தவறாக அபராதம் பெற்றவருக்கோ செல்லவேண்டிய வழியே அதுதான். ஆதலின், அலுவலகத்தின் வேகத்தை அறிய விரும்புவோர் மொத்தப் பதிவேட்டைக் கொண்டே ஒப்பிடலாம்; குடிமக்களின் உரிமை காக்கப்படுகிறதா என்று அறிய விரும்புவோர், முறையீடு உள்ள வழக்குகளைத் தனியே பிரித்து, அவற்றை மட்டும் இரு மாதிரிகளிலும் மீண்டும் நடத்திப் பார்க்கவேண்டும்.