கையெழுத்துப் போட்டால் சம்பளம் போய்விடுமா?

அமெரிக்காவில் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் கோடை நெருங்கியதும் இன்டர்ன்ஷிப் தேடத் தொடங்குகிறார்கள். சம்பளமே இல்லாத இடங்களும் அகப்படும். அந்நாட்டுச் சட்டத்தைப் பற்றி அவர்கள் நம்பிக்கொண்டிருப்பதில் பாதி தவறு.

நம்பிக்கை: "சம்பளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், இனிக் கேட்க முடியாது."

உண்மை: கேட்கலாம். 1938-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தரும் குறைந்தபட்ச ஊதியத்தை யாரும் எழுதிக் கொடுத்து இழக்க முடியாது. முடியுமென்றால், வேண்டாம் என்பவருக்கு மட்டுமே வேலை என்றாகிவிடும். நீங்கள் அங்கே ஊழியரா, கற்க வந்தவரா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். உங்கள் கையெழுத்து அதில் ஒரு சான்று, அவ்வளவே.

நம்பிக்கை: "தனியார் நிறுவனம் சம்பளம் தராவிட்டாலே சட்டமீறல்."

உண்மை: அதுவும் இல்லை. 'பிளாக் ஸ்வான்' படத்தில் சம்பளமின்றி உழைத்த இரண்டு இன்டர்ன்கள் 2011-இல் வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் செய்தது மதியச் சாப்பாட்டுக்கு ஆர்டர் எடுப்பதும், தொலைபேசிக்குப் பதில் சொல்வதும், அலுவலக மேசை நாற்காலிகளின் பாகங்களைப் பொருத்துவதும். 2013-இல் நியூயார்க் நீதிபதி, இவர்கள் ஊழியர்களே என்றார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, வேறு அளவுகோலைத் தந்தது: இந்த ஏற்பாட்டால் பெரிதும் பயனடைவது யார், மாணவரா, முதலாளியா? பயிற்சி வகுப்பறைக் கல்வியைப் போல இருந்ததா, சம்பள ஊழியரின் வேலையை மாணவர் தலையில் கட்டினார்களா என்றெல்லாம் ஏழு அம்சங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த ஒன்றும் தனியாக முடிவு செய்யாது. 2018-இல் தொழிலாளர் துறையும் இதையே ஏற்றது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அளவுகோல் இவ்வளவு வளைந்து கொடுத்தால், வழக்குப் போட வசதியில்லாத பிள்ளைக்கு அது எட்டாது.

நம்பிக்கை: "கல்லூரி கிரெடிட் கொடுத்துவிட்டால் சம்பளம் தேவையில்லை."

உண்மை: கிரெடிட் அந்த ஏழில் ஒன்று மட்டுமே. நாள் முழுக்க நகல் எடுக்க வைத்துவிட்டு கிரெடிட்டைக் காட்டி முதலாளி தப்பிவிட முடியாது.

நம்பிக்கை: "விசாவைத் தக்கவைத்தால் போதும், ஸ்டெம் ஓபிடி காலத்தில் இலவசமாகவே உழைக்கலாம்."

உண்மை: கூடாது. ஸ்டெம் ஓபிடி என்பது, அறிவியல், தொழில்நுட்பம் போன்ற துறைகளில் படித்தவர்கள் மாணவர் விசாவிலேயே வேலை செய்யத் தரும் அனுமதியின் நீட்டிப்பு; அதில் ஊதியமும், வாரம் குறைந்தது 20 மணி நேர வேலையும் கட்டாயம். இதை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சம்பளப் பாக்கியைக் கேட்க அமெரிக்க மத்தியச் சட்டம் தரும் கெடு 2 ஆண்டு; முதலாளி தெரிந்தே மீறியிருந்தால் 3. எந்த நாளில் எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள்.