நேர்முகத்துக்குப் பின் பதிலே இல்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: கணக்கு உதவியாளர் வேலைக்கு ஒரு நிறுவனம் என்னை இரண்டு முறை நேர்முகத்துக்கு அழைத்தது. இரண்டாம் முறை, "சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, யார் பார்ப்பது?" என்று கேட்டார்கள். ஒரு கிழமையில் முடிவு சொல்வதாகச் சொன்னவர்கள், ஐந்து கிழமையாகியும் மின்னஞ்சலுக்குக்கூடப் பதில் போடவில்லை. வழக்குப் போடலாமா?
வாசகி, மிச்சம், லண்டன்

பதில்: பதில் போடாததற்காக மட்டும் என்றால், முடியாது. விண்ணப்பித்தவருக்கு முடிவையோ காரணத்தையோ தெரிவிக்கும் பொதுக் கடமை எதையும் இந்நாட்டுச் சட்டம் முதலாளிமேல் சுமத்தவில்லை. வேலை தருகிறோம் என்று சொல்லி, நீங்களும் ஏற்றுக்கொண்ட பின் கைவிரித்திருந்தால் அது ஒப்பந்த மீறலாகியிருக்கும். உங்கள் விஷயம் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் பிள்ளைகள் பற்றிய கேள்விதான் என் கண்ணில் பெரிதாகப் படுகிறது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், 39ஆம் பிரிவில், யாருக்கு வேலை என்ற முடிவில் மட்டுமன்றி, ஆளைத் தெரிவுசெய்யும் ஏற்பாடுகளிலும் பாகுபாடு கூடாது என்கிறது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதே குற்றம் என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. ஆண் விண்ணப்பதாரிகளிடம் கேட்காததை உங்களிடம் கேட்டார்களா, அந்தப் பதில் உங்கள் புள்ளியைக் குறைத்ததா என்பதே வழக்கு.

அதை எப்படி அறிவது? தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களின் பிரதியைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். நேர்முகக் குழு எழுதிய குறிப்பு, இட்ட புள்ளி, உங்களைப் பற்றித் தமக்குள் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் இதில் அடங்கும். பரீட்சைத் தாளில் திருத்துபவர் எழுதும் குறிப்பும் பரீட்சார்த்தியின் தனிப்பட்ட தரவே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் சொன்னது; நேர்முகக் குறிப்புக்கும் அதே நியாயம் பொருந்தும். மற்ற விண்ணப்பதாரிகளின் விவரங்களை மறைத்துத் தருவார்கள், அதில் தவறில்லை. நீங்கள் கேட்ட பிறகு, கொடுக்காமலிருப்பதற்காகக் குறிப்புகளை அழித்தால் அது 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி குற்றம்.

"அவர்கள் வாய் திறக்காததே சாட்சி இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். தகவல் தர அடியோடு மறுப்பதைப் பாகுபாட்டின் அறிகுறிகளில் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2012இல், ஜெர்மனியிலிருந்து போன வழக்கில், அதே ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஒன்றாக மட்டும்தான். 2021இல் ராயல் மெயில் வழக்கில் இங்குள்ள உச்ச நீதிமன்றமோ, பாகுபாடு என்று எண்ண இடம்தரும் உண்மைகளை முதலில் நிறுவவேண்டியவர் வழக்காளியே என்று உறுதிசெய்தது. ஆகவே மௌனத்தை மட்டும் நம்பி வேலைவாய்ப்பு ட்ரிபியூனலுக்குப் போனால் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். குறிப்பேட்டில் பிள்ளைகள் பற்றி ஒரு வரி இருந்தால் கதை வேறு. கேட்டால் பெயர் கெட்டுவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. பாகுபாடு நடந்தது என்று நல்லெண்ணத்துடன் முறையிட்டவரைப் பழிவாங்குவதைச் சமத்துவச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் வெறுமனே தரவு கேட்பதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் கடிதத்தில் பிள்ளைகள் பற்றிய கேள்வியையும், அது பாலினப் பாகுபாடு என்று நீங்கள் கருதுவதையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

காலம்தான் உங்கள் எதிரி. வழக்குக்கான கெடுவை, அந்தக் கேள்வி கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்று கணக்கு வையுங்கள். கெடு நீள்கிறது என்று யார் சொன்னாலும் அதை நம்பி இருக்கவேண்டாம். ட்ரிபியூனலுக்கு முன் ஏகாஸ் அமைப்பிடம் சமரசத்துக்குப் பதிவது கட்டாயம், கட்டணம் இல்லை. உங்களுக்கு ஐந்து கிழமை ஏற்கெனவே போய்விட்டது. தரவுக் கடிதத்தை இந்தக் கிழமையே அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் கெடுவுக்கு முன் ஏகாஸில் பதிந்துவிடுங்கள்.