சர்க்கரை வியாதியும் நம் கடை வாழ்வும்



கடையில் சரக்கிருப்பு எவ்வளவு, கொடுக்க வேண்டிய கடன் எவ்வளவு என்பதை அறியாத வியாபாரி நம்மிடையே இல்லை. ஆனால், தம் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் பதில் கூற வல்லவர் சிலரே. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 15.6 பேருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருந்தது. அவர்களுள் ஐவரில் இருவர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். சிங்கப்பூர் அரசாங்கமும் 2016ஆம் ஆண்டிலேயே இந்நோயின்மீது போர் தொடுப்பதாக அறிவித்தது.

இந்நோய் வலியோடு வருவதில்லை. ஆகவேதான் நாம் ஏமாந்து போகிறோம். உண்ணும் உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடல் பயன்படுத்திக்கொள்ள இன்சுலின் என்னும் சுரப்பு வேண்டும். வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்புச் சேரச் சேர, இன்சுலினின் வேலை தடைப்படுகிறது. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடு கட்டப் பார்த்து, பல ஆண்டுகளுக்குப் பின் களைத்து விடுகிறது. அதன் பின்னர் கண், சிறுநீரகம், கால் நரம்பு, இருதயம் ஆகியவை ஓசையின்றிக் கெடுகின்றன.

"தகப்பனாருக்கு இருந்தது, நமக்கும் வந்தே தீரும்" என்பார் நம்மில் பலர். ஆராய்ச்சி அவ்வாறு கூறவில்லை. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இந்தியாவில் 531 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்கள் யாவரும் நோயின் எல்லையை நெருங்கியிருந்தவர்கள். மூன்றாண்டுக் கணக்கில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். நாள்தோறும் அரை மணி நேரமாவது நடந்து, சர்க்கரையையும் கொழுப்பையும் குறைக்கும்படி தொடர்ந்து வழிகாட்டப்பட்டோரில் 39 பேரே அந்நிலையை அடைந்தனர். அவர்களது எடை பெரிதாகக் குறையவில்லை. அப்படியிருந்தும் பலன் கிட்டியது என்பது கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆராய்ச்சியில், உணவும் உடற்பயிற்சியும் நோய் வரும் வாய்ப்பை நூற்றுக்கு 58 பங்கு குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 31 பங்குதான். சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் தொடங்கி ஆறாண்டுகள் இம்முறையைக் கைக்கொண்டவர்களுக்கு, முப்பதாண்டுகளுக்குப் பின் கணக்கிட்டபோது, நோய் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளி வந்திருந்தது.

நோய் வந்து விட்டவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. பிரிட்டனில் 306 பேரைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான ஆராய்ச்சியில், டாக்டர் மேற்பார்வையில் உணவை வெகுவாகக் குறைத்து எடையிறக்கியவர்களுள் நூற்றுக்கு 46 பேர், ஓராண்டில் மாத்திரையின்றியே சர்க்கரை கட்டுக்குள் வரப் பெற்றனர். இவர்கள் நோய் வந்து ஆறாண்டுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள். எனவே, எவரும் தாமாகவே மாத்திரையை நிறுத்துதல் கூடாது.

நிற்க, நம் வாழ்க்கையைச் சற்று நோக்குவோம். காலை முதல் இரவு வரை கல்லாப்பெட்டியருகே அமர்ந்திருக்கிறோம். வருவோர் போவோருடன் பால் தேநீர் பருகுகிறோம். கடையடைத்த பின் நள்ளிரவில் வயிறார உண்டு, உடனே படுக்கிறோம். இதில் மாற்ற முடியாதது எது? தே ஓ கோசோங் கேட்டு வாங்கலாம். இரவுச் சோற்றைக் குறைத்து நேரத்தோடு உண்ணலாம். மகனையோ சிப்பந்தியையோ கல்லாவில் அமர்த்தி அரை மணி நேரம் நடக்கலாம். எச்.பி.ஏ.1சி என்னும் இரத்தப் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கை ஒரே எண்ணில் காட்டி விடும். அத்துடன் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோயுள்ளவர்கள் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்னரே டாக்டரைக் கண்டு, நோன்பு நோற்பது தமக்குத் தகுமா, மருந்தை எந்நேரம் எவ்வளவு உட்கொள்வது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். நோன்பின்போது இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். சர்க்கரை அளவு அபாயமாகத் தாழ்ந்தால் நோன்பைத் திறந்து விட வேண்டும் என்பதே வைத்தியர்களின் அறிவுரை.

நம் கடைகள் பலவும் ஒருவர் உழைப்பில் நிற்பவை. அவர் கண்ணும் காலும் தளர்ந்தால் ஊரிலும் இங்கும் எத்தனை வீடுகளின் அடுப்பு அணையும் என்பதை எண்ணிப் பார்ப்போம். இம்மாதமே நாமும் பரிசோதித்துக்கொண்டு, நம்மிடம் வேலை பார்க்கும் தம்பிமார்களையும் உடன் அழைத்துச் செல்வோமாக.