யோகமும் உள்ளத் தூய்மையும்

அமைதியை வேண்டாத மனிதர் இல்லை. ஆயினும் அமைதி எங்கே இருக்கிறது, எவ்வழியால் அதை அடைவது என்று ஆராய்வோர் சிலரே. யோகமும் தியானமும் அதற்கு வழி என்று நம் முன்னோர் கூறினர். இன்று உலகமும் அதனை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஐக்கிய நாடுகள் பொது அவை ஜூன் 21ஆம் நாளை உலக யோக நாளாக அறிவித்தது. 2015 முதல் அந்நாளில் திடல்கள்தோறும் பாய் விரித்து மக்கள் ஆசனம் செய்கின்றனர். மகிழத்தக்கதே. ஆனால் மறுநாள் பாய் சுருட்டப்பட்டதும் யோகமும் சுருட்டப்பட்டுவிடுகிறது. உடலை வளைப்பது யோகம், கண்ணை மூடுவது தியானம் என்று நம்மிற் பலர் எண்ணுவதே அதற்குக் காரணம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழை என்பதை நான் உணர்ந்த வகையை நண்பர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு நானும் என் அறை நண்பனும் விண்ணப்பித்தோம். அவனுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. கைகுலுக்கி வாழ்த்தினேன். வாய் வாழ்த்தியது, நெஞ்சு வாழ்த்தவில்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் தெரிந்தன, பொருள் தெரியவில்லை. தியானம் செய்தால் மனம் அடங்கும் என்று யாரோ கூறக் கேட்டு, வடநாட்டுக் குளிரில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, கம்பளியைப் போர்த்துக்கொண்டு கண்மூடி அமர்ந்தேன். கண்ணை மூடியதும் தோன்றியது இறைவன் திருவுருவம் அன்று. அறிவிப்புப் பலகையில் கண்ட அவன் பெயரே தோன்றியது. பத்து நாள் முயன்றேன். தியானம் எனக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் நூலகத்தில் பதஞ்சலியின் யோக சூத்திரத்தை உரையோடு எடுத்துப் படித்தேன். அது நான்கு பாதங்களைக் கொண்ட சிறு நூல். இருநூற்றுக்கும் குறைவான சூத்திரங்களே உடையது. யோகத்திற்கு எட்டு உறுப்புகளை அது வகுக்கிறது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவை. இவ்வரிசையை நண்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும். ஆசனம் மூன்றாவது; தியானமோ ஏழாவது. முதலில் நிற்பது இயமம். பிறரைத் துன்புறுத்தாமை, வாய்மை, களவாமை, பிரமசரியம், பிறர் பொருளைப் பற்றாமை என்னும் ஐந்தும் இயமமாகும். தூய்மை, மனநிறைவு, தவம், நூலோதல், இறைவனிடம் ஒப்படைத்தல் என்னும் ஐந்தும் நியமமாகும். ஆசனத்தைப் பற்றியோ, உறுதியாகவும் இனிதாகவும் அமைவதே அது என்று கூறி, மூன்று சூத்திரங்களில் முடித்துவிடுகிறார்.

நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இவ்வெட்டு உறுப்புகளையும் விளக்குகிறார். இயமத்தையும் நியமத்தையும் அவர் பப்பத்தாக விரிக்கிறார். உணவைப் பிறரோடு பகுத்துண்பதையும் இயமத்தில் ஒன்றாக அவர் வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. யோகி என்பவன் குகையில் மட்டும் உருவாவதில்லை. உண்ணும் இடத்திலும் உருவாகிறான் என்பதன்றோ இதன் கருத்து?

நான் செய்த தவறு எனக்கு விளங்கியது. முதற்படியில் கால் வைக்காமல் ஏழாம் படிக்குத் தாவினேன், விழுந்தேன்.

பதஞ்சலி இன்னும் ஒன்று கூறுகிறார். முதற்பாதத்தின் 33ஆம் சூத்திரம் மனம் தெளிவதற்கு நான்கு பாவனைகளைச் சொல்கிறது. இன்பமுற்றாரிடம் நட்பு, துன்பமுற்றாரிடம் இரக்கம், நல்லாரிடம் மகிழ்ச்சி, தீயாரிடம் விலகிய அமைதி என்பன அவை. வடமொழியில் இவற்றை மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்பர். பௌத்தர்களும் இந்நான்கையே பிரம்ம விகாரங்கள் எனப் போற்றுகின்றனர். ஒவ்வொன்றும் உள்ளத்தின் ஒவ்வொரு மாசைக் கழுவும் என்று உரையாசிரியர் வாச்சஸ்பதி மிசிரர் விளக்குவார். நட்புப் பொறாமையைப் போக்கும். இரக்கம் பிறர்க்குத் தீங்கு செய்யும் எண்ணத்தைப் போக்கும். மகிழ்ச்சி பிறர் நன்மையிற் குற்றம் காணும் குணத்தைப் போக்கும். விலகிய அமைதி சினத்தைப் போக்கும்.

நம் தமிழிலோ, பொறாமைக்கு அழுக்காறு என்றே பெயர். சொல்லின் தொடக்கத்திலேயே அழுக்கு ஒலிக்கிறது! வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். உடலின் தூய்மை நீரால் அமையும், உள்ளத்தின் தூய்மை வாய்மையால் விளங்கும் என்றும் அவர் வேறோர் இடத்தில் கூறினார். ஆகவே, பொறாமை உள்ள நெஞ்சுக்கு மருந்து கண்ணை மூடுவது அன்று. வாயைத் திறந்து உண்மையைச் சொல்வது.

அன்று மாலை நண்பனிடம் சென்றேன். "உனக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை. அதை மறைத்து வாழ்த்தினேன்" என்றேன். சொல்லும்போது நா தழுதழுத்தது. அவன் வியப்படையவில்லை. "எனக்குத் தெரியும். வாழ்த்துச் சொன்ன நாளிலிருந்து நீ என்னோடு சாப்பிட வருவதில்லையே" என்றான். பிறகு இருவரும் உணவுக்கூடத்திற்குச் சென்றோம். பொறாமை அன்றே முற்றும் ஒழிந்ததாகச் சொன்னால் அது பொய்யாகும். ஆனால் ஒளிந்திருந்த பகை வெளிச்சத்திற்கு வந்துவிட்டது. அன்றிரவு உறங்கினேன்.

மீண்டும் அமரத் தொடங்கினேன், இம்முறை மூச்சிலிருந்து. நான்கு பாவனைகளை அடுத்து, மூச்சை வெளிவிடுதலையும் நிறுத்துதலையும் பதஞ்சலி மற்றொரு வழியாகக் கூறுகிறார். நிறுத்தும் பயிற்சியை ஆசிரியர் துணையின்றிச் செய்தல் கூடாது. மெல்ல வெளிவிடுவதை எவரும் செய்யலாம். இதற்கு உடலியல் விளக்கமும் உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்புச் சற்று விரைகிறது. விடும்போது சற்றுத் தணிகிறது. மூளையிலிருந்து இறங்கி இதயத்தைத் தொடும் வேகஸ் என்னும் நரம்பு இதில் பெரும்பங்கு கொள்கிறது. வெளிமூச்சு நீளும்போது உடலின் பரபரப்பு அடங்குகிறது. மனம் கலங்கினால் மூச்சும் கலங்கும் என்பதைப் பதஞ்சலியும் குறித்துள்ளார். மனத்தை நேரே பிடிக்க இயலாதவன் மூச்சின் வழியே அதனை அணுகலாம்.

பயிற்சிக்கு அவர் கூறும் இலக்கணம் மூன்று: நெடுங்காலம், இடைவிடாமை, மதிப்பு. தேர்வுக்கு முந்திய வாரம் மட்டும் அமர்வது பயிற்சி ஆகாது. நாள்தோறும் பத்து நிமிடம் போதும். ஆனால் நாள்தோறும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். யோகத்திற்குரிய ஒன்பது தடைகளை எண்ணும்போது பதஞ்சலி முதலில் வைப்பது நோயை. வாரக்கணக்கில் உறக்கமின்றி, வாழ்வே வெறுத்துத் தவிக்கும் நண்பர் எவரேனும் நம் விடுதியில் இருந்தால், தியானம் செய் என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதுவே அப்போது நாம் செய்யத்தக்க கருணை.

நண்பர்களே! வீட்டையும் ஊரையும் விட்டு நெடுந்தொலைவில் வாழ்கிறோம். ஒரே அறை, ஒரே சோறு, ஒரே போட்டி. மாசு படிவதற்கு இதைவிட ஏற்ற இடம் இல்லை. மாசு துடைப்பதற்கும் இதைவிட ஏற்ற இடம் இல்லை. இன்றிரவு கண்மூடி அமர்வதற்கு முன், யாரோடு நாம் உண்ண மறுக்கிறோம் என்று ஒருமுறை நெஞ்சைக் கேட்போம். யோகத்தின் முதற்படி அங்கேதான் இருக்கிறது.