பாரமுற்ற கணினியும் பணியாத சுட்டியும்

இக்காலத்திலே மாணவர் கட்டுரை வரைவதும், ஆசிரியர் புள்ளிப் பட்டியல் வகுப்பதும், அலுவலர் கணக்கு எழுதுவதும் பெரும்பாலும் கணினி வாயிலாகவே நடைபெறுகின்றன. பல பணிகளை ஒருங்கே ஏற்றுக்கொண்ட கணினியில், மவுஸ் என வழங்கும் சுட்டி திடீரெனப் பணிய மறுப்பதை அறியாதார் இலர். அவ்வேளையிற் பலர் செய்வன மூன்று: சுட்டியை மேசைமீது தட்டுதல், ஓயாது சொடுக்குதல், ஈற்றில் மின்னை நிறுத்திவிடுதல். முன்னைய இரண்டினாலும் பயனில்லை. பின்னையதனாலோ சேமிக்கப்படாத உழைப்பு முழுவதும் அழிந்துபடும். ஆதலின், இக்குறைக்குக் காரணம் யாது, அதனை அறியும் வழி எது, செய்யத்தக்கது யாது என்பனவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சுட்டியின் வரலாறு நெடியதன்று. அமெரிக்காவிலே ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பாரின் எண்ணத்தில் உதித்து, பில் இங்கிலிஷ் என்னும் பொறியியலாளரின் கைத்திறனால் 1964 ஆம் ஆண்டளவில் உருப்பெற்றது முதற் சுட்டி. அது மரப்பேழையும் இரு சில்லுகளும் கொண்டது. 1968 டிசம்பர் 9 ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பார்ட் அதனை அறிஞர் அவைக்கு இயக்கிக் காட்டினார்.

இன்றைய சுட்டி தானாகச் செய்தி அனுப்புவதில்லை; கணினி கேட்கும்போதே விடை கூறும். சாதாரண யூ.எஸ்.பி. சுட்டியைக் கணினி ஒரு செக்கனில் ஏறக்குறைய 125 முறை வினவுகின்றது. விடை வந்ததும் இயக்க முறைமை திரையிலுள்ள அம்புக்குறியை நகர்த்துகின்றது. நாம் ஒரு சாளரத்திற் சொடுக்கினால், அச்செய்தி அந்தச் சாளரத்துக்குரிய செயலியின் வாயிலில் வரிசையில் நிறுத்தப்படுகின்றது. செயலி ஓய்வு பெற்றபோது அதனை எடுத்து நிறைவேற்றும். ஆகவே கையசைவுக்கும் அதன் பயனுக்கும் இடையே கருவி, இயக்க முறைமை, செயலி என மூன்று நிலைகள் உள. தடை எந்நிலையில் நேர்ந்தது என்பதை அம்புக்குறியே காட்டிவிடும்.

முதலாவது, அம்புக்குறி நன்கு நகர்கின்றது; ஆனால் ஒரு சாளரம் மட்டும் சொடுக்குக்கு இணங்கவில்லை. இங்கே சுட்டியிற் குற்றமில்லை. அச்செயலி ஒன்றே வேறொரு வேலையில் மூழ்கியிருக்கின்றது. விண்டோஸ் முறைமையில், ஒரு சாளரம் 5 செக்கன் வரை செய்திகளை எடாதிருப்பின் அது பதிலளிக்கவில்லை என்னும் அறிவித்தல் தோன்றும். அவ்வேளையில் மேன்மேலுஞ் சொடுக்கினால், அவை வரிசையிற் சேர்ந்து நின்று பின்னர் ஒருங்கே நிறைவேறி, நாம் கருதாத செயலையும் செய்துவிடக்கூடும்.

இரண்டாவது, அம்புக்குறி விட்டுவிட்டுத் துள்ளுகின்றது. இது கணினி முழுவதும் பாரமுற்றதன் அடையாளம். மையச் செயலகத்துக்குப் பல பணிகள் போட்டியிடுதல் ஒரு காரணம். நினைவகம் போதாமை மற்றொன்று. பின்னையதே கொடியது. சிறிய மேசையில் நான்கு நூல்களே வைக்க இடமிருக்க, எட்டு நூல்களை ஒப்புநோக்கும் மாணவன் நூலக அலுமாரிக்கும் மேசைக்குமாக நடந்தே பொழுதைக் கழிப்பான். கணினியும் அவ்வாறே நினைவகத்துக்கும் வட்டுக்குமிடையே தரவுகளை மாற்றிமாற்றி வைத்து, ஓயாது உழைத்தும் ஒரு பணியையும் முடிக்காது நிற்கும். பீற்றர் டெனிங் என்னும் அறிஞர் இந்நிலையின் காரணத்தை 1968 இலேயே விளக்கி எழுதினார்.

மூன்றாவது, அம்புக்குறி அறவே அசையவில்லை. அப்போது விசைப்பலகையிலுள்ள கப்ஸ் லொக் விசையை அழுத்திப் பார்க்க. அதன் விளக்கு மாறுமாயின் கணினி உயிருடனே இருக்கின்றது. சுட்டியின் மின்கலம், வடம், செருகுமிடம் என்பனவற்றைச் சோதித்தல் தகும். விளக்கும் மாறாதாயின் முறைமை முழுவதும் தடைப்பட்டிருத்தல் கூடும். பணிகள் யாவும் ஓய்ந்த பின்னரும் சுட்டி இணங்காதாயின், அதனை வேறொரு கணினியிற் பொருத்திப் பார்த்த பின்னரே பழுதென்று தீர்மானித்தல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கன கூறுவாம். முதலிற் கையை எடுத்துச் சில நிமிடம் பொறுத்திருக்க. பின்னர் விசைப்பலகையின் துணையை நாடுக. அல்ட், டாப் விசைகளால் ஏனைய சாளரங்களுக்குச் சென்று, கொன்ட்ரோலுடன் எஸ் விசையை அழுத்தி அவற்றிலுள்ள வேலையைச் சேமிக்க. அடுத்து, விண்டோஸில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். லினக்ஸிலே டொப் என்னும் கட்டளை அப்பணியைச் செய்யும். செயலகம், நினைவகம், வட்டு ஆகியவற்றுள் எது நிரம்பியது, அதனை நிரப்பியது எச்செயலி என்று கண்டு, அதனை மட்டும் நிறுத்துக. சேமியாத எழுத்தைத் தாங்கிய செயலியை இறுதிவரை விட்டுவைக்க.

நெடுநேரம் ஓடவேண்டிய பெரும் பணிகளுக்கு முன்னுரிமையைத் தாழ்த்தி வைத்தல் நல்வழி. 1969 யூலை 20 இல், அப்பலோ 11 சந்திரனில் இறங்கும் வேளையில் அதன் கணினி பாரந் தாங்காது 1202 என்னும் எச்சரிக்கையை எழுப்பியது. எனினும், சிறு பணிகளைக் கைவிட்டு இன்றியமையாதவற்றைத் தொடருமாறு அது வகுக்கப்பட்டிருந்தமையால், விண்வெளி வீரர் நலமே இறங்கினர். ஆயின், முன்னுரிமையைத் தாழ்த்துதல் நினைவகக் குறையைத் தீர்க்காது. அதற்கு வேண்டாத செயலிகளை மூடுதலோ நினைவகத்தைப் பெருக்குதலோ வேண்டும்.

மின்னை நிறுத்துதல் ஈற்று மருந்தேயன்றி முதல் மருந்தன்று. பல நாள் முயன்று எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒரு கணப் பொறுமையின்மையால் அழிதல் ஆகாது. எழுதுந்தோறும் சேமிக்கும் வழக்கத்தை மாணவர் இளமையிலேயே கைக்கொள்வாராக. அங்ஙனம் செய்வார்க்குச் சுட்டி நின்றாலும் உழைப்பு நிலைபெறும்.