மல்லாட்டைத் தோல் குரோமியத்தைப் பிடிக்குமா?

கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக வந்தால் நம் பாட்டிமார் என்ன செய்வாங்க? பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை நாலு இழை இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பாங்க. காலையில் மண்ணெல்லாம் அடியில் தங்கி, மேல் தண்ணீர் பளிங்கு மாதிரி நிற்கும். முற்றின முருங்கை விதைப் பொடியும் இதையே செய்யும். விதையிலுள்ள புரதத்துக்கு நேர்மின்சுமை. மண் துகளுக்கு எதிர்மின்சுமை. இரண்டும் ஒட்டிக் கனமாகிக் கீழே இறங்கிவிடும்.

சரி, கண்ணுக்கே தெரியாமல் கரைந்திருக்கும் உலோகம்?

வேங்கிக்கால்காரர்களுக்கு இந்தக் கேள்வி தூரத்துக் கதை இல்லை. 1989 வரை நம்மோடு ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில்தான் தோல் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. பதனிடக் குரோமிய உப்பு வேண்டும். தோல் குடித்தது போக மீதி கழிவுநீரோடு போகும். பாலாறு கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்டில் 'கெடுத்தவரே ஈடு கட்டணும்' என்று தீர்ப்பு வந்தது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல்!

அதிலிருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். பொல்லாதது. தோலில் புண், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை, தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுவிடும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இங்கேதான் நம்ம ஊர் மல்லாட்டை வருகிறது. உடைத்ததும் தூக்கிப் போடும் மேல்தோலைக் கழுவி, காயவைத்து, பொடித்துக் கழிவுநீரில் கலக்கினால் உலோகம் அதில் ஒட்டிக்கொள்கிறது. புளியம்பழ ஓடு, வேப்பிலைப் பொடி, தேங்காய்ச் சிரட்டைக் கரி எல்லாவற்றையும் ஆய்வுக்கூடங்களில் சோதித்திருக்கிறார்கள். ஈயம், காட்மியம் நேரே ஒட்டும். குரோமியம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தண்ணீரில் அமிலம் சேர்த்துப் புளிப்பாக்கினால்தான் நன்றாகப் பிடிபடும். அப்போது தாவரப் பொருளே அதில் ஒரு பங்கை, அவ்வளவு விஷமில்லாத மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றியும் விடுகிறது.

உடனே வீட்டுக் குடத்தில் மல்லாட்டைத் தோலைப் போட்டுவிடாதீங்க! நாம் குடிக்கும் தண்ணீர் புளிப்பு இல்லையே, வேலை எப்படி நடக்கும்? இது தொழிற்சாலைத் தொட்டிக்கான வைத்தியம். வேலை முடிந்த பொடியும் விஷம்தான். அதைக் குப்பையிலோ தோட்டத்திலோ கொட்டினால் மழையில் திரும்ப மண்ணுக்குள் இறங்கும். ஆகாயத்தாமரையும் அப்படித்தான், வேரில் உலோகத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கழிவு கலந்த ஏரியில் அறுத்ததை மாட்டுக்குப் போட வேண்டாம்.

தேற்றாங்கொட்டையை விட்டுவிட வேண்டியதில்லை, கலங்கல் தீர அது நல்லதுதான். முருங்கை விதை போட்ட தண்ணீரை மட்டும் மறுநாளுக்கு வைக்காதீங்க, கெட்டுப்போகும். இரண்டுக்குமே கிருமிக்காகக் கொதிக்கவைத்தே ஆகணும். ஆனால் கொதிக்கவைத்தால் உலோகம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஆர்.ஓ. கருவி உலோகத்தைப் பெருமளவு தடுக்கும்.

சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் விசாரியுங்க. சாதாரணச் சோதனையில் உப்பு, கடினத்தன்மை போன்றவற்றைத்தான் பார்ப்பாங்க. 'குரோமியமும் பார்க்கணும், வசதி உண்டா?' என்று கேட்டுக்கொண்டு, எந்தப் பாட்டிலில் எப்படிப் பிடிக்கணும் என்பதையும் அவர்களிடமே தெரிந்துகொண்டு தண்ணீரைக் கொண்டு போங்க.