பெற்றவளையும் பாருங்கள்

பிரசவத்துக்குப் பிறகு எனக்கு மனச்சோர்வு நோய் வந்தது. மருத்துவரிடம் போனேன், மாத்திரை சாப்பிட்டேன், குணமானேன். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதைச் சொந்தபந்தத்துக்குள் வாய்விட்டுச் சொல்லப் பல வருஷம் ஆனது. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அண்மையில் சித்தி மகள் ஒருத்தி பிள்ளை பெற்று, ராத்திரியெல்லாம் அழுகிறாள் என்று கேள்விப்பட்டேன். இனியும் மூடி வைக்க மனசு கேட்கவில்லை. அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. லீவு கிடைக்கிறபோது பஸ் ஏறி வருவார். வீட்டில் அம்மா, ஆச்சி, மதினி என்று ஆளுக்குக் குறைவே இல்லை. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் வேளாவேளைக்கு வந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், “கூட்டுக் குடும்பத்துல இருந்தா இதெல்லாம் வராது, பட்டணத்துல தனியா கிடக்குற பிள்ளைகளுக்குத்தான் வரும்” என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேலூர் மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்துத் தாய்மார்களை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் 100 பேரில் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனத்தாங்கல், ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை ஆகியவை அதற்கு வழி செய்வதாக அவர்கள் கண்டார்கள். நம் கிராமங்களில், நம் வீடுகளில் நடப்பதுதான் இது.

பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் பால் கட்டும்போது பெரும்பாலான பெண்களுக்கு அழுகை வரும். ஹார்மோன் அளவு சட்டென்று மாறுவதால் வருவது; இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. விடியும்போதே நெஞ்சு படபடக்கும். சாப்பாடு தொண்டையில் இறங்காது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, பிள்ளையைப் பார்த்தால் மனசில் ஒன்றுமே எழாதது. யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். மாடிப்படியில் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, கை நழுவிவிட்டால் என்ற நினைப்பு வந்து நடுங்கிப்போய் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். இப்படிப்பட்ட நினைப்புகள் வந்து அஞ்சி நடுங்குகிற தாய்மார்கள் நிறையப் பேர் என்று பிற்பாடு மருத்துவர் சொன்னார். அதனால் அவள் கெட்ட தாய் ஆகிவிட மாட்டாள். வெளியே சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில்தான் பலரும் சொல்வதில்லை. மருத்துவரிடம் சொல்லுங்கள், இதைக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

வீட்டில் என்னை யாரும் வெறுக்கவில்லை. “பச்சை உடம்புக்காரி அழக்கூடாது, பால் வத்திரும்” என்று ஆச்சி சொன்னது பாசத்தில்தான். அதைக் கேட்டுக் கேட்டு நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழப் பழகினேன். அம்மா கண்ணேறு என்று நினைத்துக் கோயிலுக்குப் போய் மந்திரித்துத் திருநீறு வாங்கி வந்தாள். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். அம்மா பூசிவிட்டபோது அவள் கை என் நெற்றியில் இருந்த அந்த ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. திருநீறும் பூசிக்கொள்ளலாம், மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம். முதலாவதை நம்பி இரண்டாவதைத் தள்ளிப்போடக் கூடாது. “எல்லாரும் பெத்தவங்கதானே” என்ற பேச்சை மட்டும் வீட்டில் யாரும் பேசாதிருந்தால் நல்லது. அதைக் கேட்டபின் வாய் திறக்கத் தோன்றாது.

ஒன்றரை மாதத்துத் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனபோதுதான் வழி பிறந்தது. ஊசி போட்ட கிராம சுகாதார செவிலியர் அட்டையில் எழுதி முடித்துவிட்டு, “பாப்பா நல்லா இருக்கு. நீ எப்படிம்மா இருக்க? ராத்திரி தூங்குறியா?” என்றார். அதுவரைக்கும் எல்லோரும் பால் போதுகிறதா, பிள்ளை எடை ஏறியதா என்றே கேட்டிருந்தார்கள். நான் பதில் சொல்லாமல் இருந்ததைப் பார்த்து, மதினியிடம் பிள்ளையைக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, “உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாம்மா?” என்று நேராகவே கேட்டார். தோன்றுகிறது என்றேன். அவர் பதறவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. “சரி, டாக்டர்ட்ட போவோம்” என்றார்.

இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட மாட்டோம். இருக்கிற எண்ணத்தை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று 1987இல் உருவாக்கிய பத்துக் கேள்விகள் இருக்கின்றன; அவற்றில் பத்தாவது இதையொட்டிய கேள்விதான். தமிழிலும் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடுப்பூசி நாளிலும் ஒவ்வொரு தாயிடமும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளைக்கு எடை பார்க்கிற நேரத்தில் கேட்டுவிடலாம்.

மனநல மருத்துவரிடம் போவதற்கு அம்மா அழுதாள். நாளைக்குப் பெயர் கெட்டுப்போகும் என்ற பயம். மதினிதான் கூட வந்தாள். தன் மூத்தவன் பிறந்தபோது தானும் இப்படித்தான் கிடந்ததாகவும், யாரிடமும் சொல்லாமல் ஒரு வருஷம் தவித்ததாகவும் பஸ்ஸில் போகும்போது சொன்னாள். அதைக் கேட்டதுமே பாதி பாரம் குறைந்தது. மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறு வந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரிச் சோர்வு வரும். அதைப் பார்க்காமல் விடக்கூடாதாம். பிறகு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார். தாய்ப்பாலில் மிகக் கொஞ்சமே கலக்கும், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை என்றார். போட்ட மறுநாளே எதுவும் மாறாது. சில வாரம் பொறுக்க வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தவும் கூடாது. குணமான பிறகும் பல மாதம் தொடர்ந்து, மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்தினார்.

மாத்திரைக்கு முன்னாலேயே உதவியது தூக்கம். இளம் தாய் இருக்கிற வீட்டாருக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். அத்தனை பேர் வீட்டில் இருந்தும் ராத்திரி நான்தான் விழித்துக் கிடந்தேன். பால் கொடுப்பவள் அவள்தானே என்று மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள். மருத்துவர் சொன்னபடி, படுக்கும்முன் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்தேன். நள்ளிரவுப் பாலை அம்மா பாலாடையில் புகட்டினாள். நான் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் நான்கைந்து மணி நேரம் தூங்கினேன். சில நாளிலேயே பேச்சில் தெளிவு வந்தது. பீய்ச்சிய பாலைச் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அதற்குமேல் என்றால் குளிர்பெட்டிதான். பீய்ச்ச முடியாதவர்கள் மருத்துவரைக் கேட்டு ஒரு வேளைக்குக் குழந்தைப் பால்பவுடர் கொடுத்தாலும் பாவமில்லை.

தகப்பன்மாரையும் விட்டுவிடக் கூடாது. ஓசூரில் தனியறையில் இருந்த என் கணவர் அந்த மாதங்களில் சரியாகச் சாப்பிடவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். ஆண்களுக்கும் இந்த நோய் உண்டு. பத்தில் ஒரு தகப்பனுக்கு வருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அவர் என்னோடு மருத்துவரைப் பார்க்க வந்தபோது, மருத்துவர் அவரையும் உட்காரவைத்து விசாரித்தார். அதன்பிறகு தினமும் ராத்திரி போனில் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் எங்களைப் பற்றி மட்டும் சில நிமிஷம் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். வேலையிடத்தில் மூத்த தொழிலாளி ஒருவரிடம் மனம்விட்டுப் பேசியதும் அவரைத் தேற்றியது.

இன்னொரு நிலை இருக்கிறது, அதில் நாள் கடத்தவே கூடாது. பிள்ளை பெற்றவள் தூக்கமே தேவையில்லாதவள்போல் நடமாடுவது, காதில் குரல் கேட்கிறது என்பது, பிள்ளையைப் பற்றி நம்பமுடியாத எதையாவது உறுதியாகச் சொல்வது, உயிரை விடுவதாகவோ பிள்ளைக்குத் தீங்கு செய்வதாகவோ பேசுவது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் சில வாரத்துக்குள், இந்தக் கடும் மனநோய் வரும். தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உள்நோயாளியாகச் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் ஒன்றாக வைத்தே மருத்துவம் பார்க்கும் தனிப் பிரிவு இருக்கிறது.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்போது இப்படி இருந்தால், ஊசி அட்டையில் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தடுப்பூசி போடும் செவிலியரிடமே சொல்லலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நேரே போகலாம். வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது. தமிழில் பேசலாம். நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.